மூக்குக்கு நேராக ஒரு மைக்

ஏழு வயதில் மேடை ஏறியவள் நான். கொடுமுடியிலிருந்து சூலூர் வரைக்கும் எந்த ஊர்க் கோயில் நோம்பியில் எங்கள் குழு நாடகம் போட்டாலும் பாலமுருகன் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. ஔவையாராக நடித்த பெரியவர் ஒருமுறை வசனம் மறந்து திருதிருவென்று விழித்தபோது, அவர் சொல்ல வேண்டியதையும் கேள்வியாக மாற்றி நானே பேசி ஒப்பேற்றியிருக்கிறேன். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மேடையில் இரண்டு மைக் தொங்கும். இரண்டும் பெரியவர்கள் வாய் உயரத்துக்கு. என் தலைக்கு மேலே அவை பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். அதனால் என் தொண்டைதான் எனக்கு மைக். அம்மா கூட்டத்துக்கு எல்லாம் பின்னால், கடைசியில் போய் நிற்பாள். கையில் டார்ச் லைட். என் குரல் அங்கே வந்து சேரவில்லை என்றால் ஒரு தடவை அடிப்பாள். வெளிச்சம் தெரிந்த நொடியில் நான் அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தாக வேண்டும். ஒன்பது வயதுக்கு மேல் அந்த டார்ச் எரியவே இல்லை. அதற்காக வீடு திரும்பும்போது மடியில் வைத்துக் கொஞ்சினாள் என்று நினைக்காதீர்கள். "கேட்டுச்சு" என்பாள். அவள் பாராட்டு அவ்வளவுதான்.

வயசுக்கு வந்ததும் மேடை நின்றது. கல்யாணம், அவிநாசியில் குடித்தனம், இரண்டு பிள்ளைகள் என்று வருஷங்கள் ஓடின. நாற்பத்தைந்து வயதில், கோயமுத்தூர்ப் பக்கத்துக் குடும்பக் கதை சொல்லும் டிவி சீரியல் ஒன்றுக்கு இந்த ஊர் முகம் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போட்டோ அனுப்பினேன். நாயகனின் அத்தை வேடம் கிடைத்தது. சென்னையில் படப்பிடிப்பு. மாதத்தில் பத்து நாள் ரயிலேறிப் போய் நடித்துவிட்டு வருவேன். மற்றவர்களுக்கு உதவி இயக்குநர் ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுப்பார், கேட்டுத் திருப்பிச் சொல்வார்கள். எனக்கு எடுத்துக் கொடுக்க வந்தவரிடம், போய் டீ குடிங்க தம்பி என்று சொல்லிவிட்டேன். முழுப் பக்கத்தையும் ஒரே மூச்சில் பேசினேன். திமிர்தான். இருக்கக் கூடாதா?

சீரியல் ஒளிபரப்பான முதல் நாள் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடிவிட்டார்கள். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். சர்க்கரை நோய் அவள் கண்பார்வையை முழுக்க எடுத்துக்கொண்டு வருஷம் சில ஆகியிருந்தது. டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். என் காட்சி வந்தது, போனது. எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா மட்டும், "நீ எப்ப வருவே கண்ணு?" என்று கேட்டாள்.

வந்துட்டேன்மா, இப்பப் பேசினது நான்தான் என்றேன்.

"பொய் சொல்லாத. எம்புள்ள கொரலு எனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னது சரி. திரையில் வாயசைத்தது நான், பேசியது வேறொரு பெண். அந்தப் பெண்மீது தப்பில்லை, நல்ல குரல்தான். ஆனால் அம்மாவுக்கு நான் என்பதே குரல்தானே. அதன்பின் அவள் டிவி முன்னால் உட்காரவில்லை. அக்கம்பக்கத்தார் என் நடிப்பைப் புகழ்ந்தால், என்னமோ சொல்றாங்க என்று எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாள். ஊரெல்லாம் பார்த்து என்ன பிரயோசனம்?

அடுத்த முறை சென்னைக்குப் போனதும் இயக்குநரிடம் கேட்டேவிட்டேன். நாடகக் குரல் கத்துகிற மாதிரி இருக்கும், 'ங்க' போட்டு இழுத்தால் வாயசைவோடு ஒட்டாது என்றார்.

"மூஞ்சி மட்டும் எங்கூருது வேணும், நாக்கு வேண்டாமுங்களா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரே ஒரு காட்சி தருகிறேன், சரிப்படவில்லை என்றால் இந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது என்றார். ஒப்புக்கொண்டேன்.

டப்பிங் அறையில் முதல் வரியைப் பேசியதும் சவுண்ட் இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்தார். அக்கா, மைக் உங்க மூக்குக்கு நேராத்தான் இருக்கு என்றார். பார்த்தேன். நிஜம்தான். என் உயரத்துக்கு ஒரு மைக்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பிறகு, சாயங்காலங்களில் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து பேசுவதுபோலத் தணிந்து பேசினேன். அந்தக் காட்சியில் அத்தை தன் தாயைக் கூப்பிடும் இடம் ஒன்று உண்டு. அதற்கு மட்டும் மைக்கைவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போய், மேடையில் செய்வதுபோலக் குரலை எடுத்து வீசினேன். இன்ஜினியர் எழுந்துபோய் இயக்குநரை அழைத்து வந்தார். அவர் இரண்டு தடவை போட்டுக் கேட்டார். இனிமே நீங்களே பேசிடுங்கம்மா என்றார்.

இதைப் பற்றி வீட்டில் நான் மூச்சுவிடவில்லை. அந்தக் காட்சி வந்த நாள் சாயங்காலம், நானும் வீட்டுக்காரரும் டிவி முன்னால் இருந்தோம். அம்மா வழக்கம்போலப் பின்கட்டில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். தணிவாகப் பேசியதெல்லாம் அவளுக்கு எட்டியிருக்காது. பிறகு அந்த இடம் வந்தது.

"அம்மோவ், சித்த இங்க வா!" என்றேன் டிவியில்.

"வாரேன் இரு கண்ணு, கையில சோலியா இருக்கறேன்" என்று பின்கட்டிலிருந்து பதில் வந்தது.

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டிருந்தேன். சுவரைத் தடவிக்கொண்டு அம்மா வந்தாள். எதுக்குக் கூப்பிட்டாய் என்று கேட்டவள், நான் பதில் சொல்லும் முன்பே டிவியின் பக்கம் காதைத் திருப்பிவிட்டாள். விளம்பரம் வரும்வரை சுவரைப் பிடித்தபடியே நின்று கேட்டாள்.

"கேட்டுச்சு" என்றாள். "பின்னால வரைக்கும் கேட்டுச்சு."