கோர்ட்டுப் பச்சை

புருஷனைக் கொன்றதாக ஒரு நடிகைமேல் நடந்த வழக்கு முடிந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. இன்னும் காஞ்சிபுரத்துக் கடைகளில் “கோர்ட்டுப் பச்சை இருக்குதா?” என்று கேட்டு வருகிறார்கள். விசாரணைக்கு அந்த அம்மா கட்டிவந்த, அரக்குக் கரை போட்ட இலைப்பச்சைப் புடவை அது. சினிமாவின் பெயரைப் புடவைக்கு வைப்பது எங்கள் ஊர் வழக்கம்தான். கொலைக் கேஸின் பெயரையும் வைப்போம் என்று அப்போதுதான் தெரிந்தது. அப்பாவே நான்கு நெய்தார்.

என் ஐந்தாம் வகுப்பை அந்த வழக்கு விழுங்கியது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்கத் தெரிந்தவள் நான். அந்தப் பெருமைக்குத் தண்டனை இது. காலையில் கரண்ட் போய் டிவி அணைந்ததும் அப்பா டீக்கடையிலிருந்து பேப்பரோடு வருவார். கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டு நான் உரக்கப் படிக்க வேண்டும். சாட்சி சொன்னது, வக்கீல் மடக்கியது, நடிகை அழுதது. புருஷன் தினம் அடித்ததாகவும், அன்றும் அடிக்க வந்தவரைத் தள்ளியதில்தான் விழுந்து செத்ததாகவும் அவர் சொல்லியிருந்தார். பொய் என்பார் அப்பா, நிஜம் என்பார் அம்மா. ரசத்தில் உப்பில்லை என்று தொடங்கும் சண்டைகூட அங்கேதான் போய் நிற்கும். நான் வீட்டுக்கணக்கு போடாமல் வகுப்புக்கு வெளியே நிற்பேன்.

வாய் திறக்காதவர் அத்தை மட்டும். அப்பாவின் தங்கை. திருப்புட்குழியில் மாமாவின் அடி தாங்காமல், ஒரு பையோடு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மூலையில் உட்கார்ந்து, அப்பாவின் தறிக்கு ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றுவார். நான் படிக்கத் தொடங்கினால் ராட்டை நின்றுவிடும். எப்போது திரும்பிப் போகிறாய் என்று அப்பா கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

“அந்தம்மா கேஸு முடியட்டும்ணா. பார்த்துட்டு சொல்றேன்.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும்.

அரைப்பரீட்சை சமயத்தில் தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்து இரண்டு நாள் கரண்டே இல்லை. கணக்குப் பரீட்சையன்று காலையிலும் அப்பா பேப்பரை நீட்டினார். பார்த்தால், மறுபடியும் ஒத்திவைப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதை இன்றோடு ஒழித்துவிடுவது என்று முடிவு செய்து, அச்சில் இல்லாததைப் படித்தேன்: நடிகைக்கு ஆயுள் தண்டனை.

அப்பா தொடையைத் தட்டிக்கொண்டார். அம்மா எழுந்து போய்விட்டார். நான் நோட்டைத் திறந்தேன்.

“இன்னொரு வாட்டி படிமா,” என்றார் அத்தை.

தடுமாறாமல் படித்தேன்.

“அவன் அடிச்சான்னு சொன்னாங்களே, அதையுமா நம்பல?”

“எதையும் நம்பலையாம் அத்தை. என்னைப் படிக்க விடு.”

பரீட்சை முடிந்து வந்தபோது பாதி சுற்றிய தார் ராட்டையிலேயே இருந்தது. யாரும் சொல்லாமலே அத்தை பையை எடுத்துக்கொண்டு பதினோரு மணி பஸ்ஸில் திருப்புட்குழிக்குப் போய்விட்டாராம். சாயங்காலம் கரண்ட் வந்து, டிவி என் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அப்பா என் காதைத் திருகினார், ஆனால் சிரித்துக்கொண்டே.

“பொய்யி சொன்னாலும் நல்ல காரியத்துல கொண்டுபோய் வுட்டுச்சுபா.”

அத்தையை அழைத்துவர யாரும் போகவில்லை. நடிகைக்கு விடுதலை கிடைக்க இன்னும் இரண்டு வருடம் ஆனது.

கணக்கில் அந்த முறை தொண்ணூற்றிரண்டு வாங்கினேன். வீட்டில் என் மார்க்கை ஆசையாய்க் கேட்பவர் அத்தை ஒருவர்தான். அதற்குள் கிளம்பிப்போக அவருக்கு அப்படி என்ன அவசரம் என்று எனக்கு ஒரே கோபம்.