மூன்றாவது பீங்கான்

பேய்க் கதை என்றதும் ராத்திரி, புளியமரம், நாய் ஊளை என்று எதிர்பார்ப்பீர்கள். மன்னிக்கவும், அதெல்லாம் இதில் கிடையாது. இது பட்டப்பகலில், சாப்பாட்டு வேளையில், 2006 ஏப்ரலில் புதுச்சேரியில் நடந்தது. சத்தியமாக நடந்தது. இனியாவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும், அவளோடு படித்த எல்லோருக்கும் இது தெரியும். இதைச் சொன்ன அன்றைக்கு அவள் காது சிவக்கவில்லை. முகம்தான் வெளுத்திருந்தது.

இனியா அப்போது எம்.டெக். கடைசி செமஸ்டர். மின் பொறியியலில் ஹை வோல்டேஜ் பிரிவு. கடலோர ஊர்களில் மின்கம்பத்துப் பீங்கான்களில் உப்புப் படியும். பனியில் அந்த உப்பு நனைந்தால் மின்சாரம் பீங்கானைத் தாண்டிப் பாய்ந்துவிடும். எத்தனை வோல்ட்டில் பாய்கிறது என்று அளப்பதுதான் அவள் ஆய்வு. பெங்களூரில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனி அவளுக்கு வேலை கொடுத்திருந்தது. ஜூனில் பட்டம் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு அந்த ஏப்ரல் கடைசித் திங்கட்கிழமை ஆய்வறிக்கையை ஒப்படைத்தாக வேண்டும். விட்டால் இன்னும் ஆறு மாதம், வேலையும் போச்சு. கருவடிக்குப்பத்து வீட்டில் வேறு, மாப்பிள்ளை ஜாதகத்தோடு அத்தை தயாராக உட்கார்ந்திருந்தாள். பேயைவிட இனியாவுக்கு அந்த ஜாதகத்தின் மேல்தான் பயம்.

கல்லூரியின் கடைக்கோடியில் தகரக் கூரை போட்ட உயரமான கொட்டகைதான் லேப். நடுவில் ஆள் உயரத்துக்கு மேலே கம்பிவலைக் கூண்டு. அதற்குள் நீராவி அடைத்த பிளாஸ்டிக் தடுப்பில் பீங்கான் சங்கிலியில் தொங்கும். வெளியே பேனலில் பச்சைப் பட்டனை அமுக்கினால் கூண்டுக்குள் மின்சாரம் ஏறும். மற்ற லேப்கள் ஓடும்போது வோல்டேஜ் ஆட்டம் காணும். அதனால் மதியம், ஊரே கடையைச் சாத்திவிட்டுப் படுத்துத் தூங்கும் நேரத்தில்தான் இவர்கள் சோதனை நடக்கும்.

அந்த லேபில் ஒரு வழக்கம் உண்டு. பட்டனை அமுக்கும் முன் மூன்று முறை சத்தம் போட்டுக் கேட்க வேண்டும். "உள்ள யாருனா இருக்கீங்களா?" கூண்டு காலி என்று கண்ணால் பார்த்திருந்தாலும் கேட்டே ஆக வேண்டும். பதில் வந்தால், யார் என்ன என்று ஆராயாமல் முதலில் கையை எடுத்துவிட வேண்டும். தனியாக யாரும் பேனலைத் தொடவும் கூடாது. இதெல்லாம் கைடு சந்திரகலா மேடம் போட்ட சட்டம்.

கூடப் படித்த ஜெரெமிக்கு இது பெரிய வேடிக்கை. அவன் சொல்தா வீட்டுப் பிள்ளை, அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். வாய் சும்மா இருக்காது.

"காலி கூண்ட குசலம் விசாரிக்கவா எம்.டெக். சேந்தோம்?" என்பான்.

அவன்தான் பீங்கான்கள் கொண்டுவந்தான். தேங்காய்த்திட்டில் இரண்டு மூன்று வருஷமாக மூடிக் கிடந்த ஒரு ஐஸ் ஃபேக்டரியில் கழற்றிப் போட்ட பழைய சரக்கு. மொத்தம் மூன்று. இரண்டு பீங்கான்கள் சமர்த்தாக ரீடிங் கொடுத்துவிட்டன. மூன்றாவதுதான் படுத்தியது.

புதன்கிழமை. பீங்கானைக் கழுவி, உப்புக் குழம்பு பூசி, காய வைத்துவிட்டுப் போனாள் இனியா. திரும்பி வந்து பார்த்தால் பூச்சில் விரல் தடம். மேலே நாலு விரல், அடியில் கட்டைவிரல். யாரோ விழப்போகிறவன் எட்டிப் பிடித்தது மாதிரி இருந்தது.

"ஏன்டா இத தொட்ட?"

"நானா? மாதா மேல சத்தியமா தொடல."

திட்டிக்கொண்டே மறுபடி கழுவி, மறுபடி பூசினாள். லேபைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். வியாழக்கிழமை காலையில் திறந்தபோது அதே இடத்தில் அதே தடம். ஜெரெமி தன் விரலை அதன் மேல் காட்டினான். தடம் இரண்டு பங்கு தடிமன். அதற்கப்புறம் அவன் ஜோக் அடிக்கவில்லை.

மூன்றாம் முறையாகப் பூசி, மதியம் மாட்டினார்கள். கூண்டைப் பூட்டிவிட்டு இருவரும் பேனலுக்கு வந்தார்கள். இனியா கேட்டாள்.

"உள்ள யாருனா இருக்கீங்களா?"

நீராவி உஸ்ஸென்று சீறியது. இரண்டாம் தடவை கேட்டாள். மூன்றாம் தடவையும் கேட்டுவிட்டுப் பட்டனில் விரலை வைத்தாள்.

"இருங்க..."

ஆண் குரல். கூண்டுக்குள்ளிருந்து... உயரத்திலிருந்து வந்தது.

விரலை எடுத்துவிட்டாள். ஜெரெமியைப் பார்த்தாள். அவன் வாயைப் பிளந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூண்டைத் திறந்து தேடினார்கள். யாரும் இல்லை. கூரையில் ஏறி நிற்க ஒரு பலகைகூட இல்லை. அன்றைக்குச் சோதனை அத்தோடு நின்றது.

வெள்ளிக்கிழமை ஜெரெமி வரவில்லை. செல்லில் பிடித்தாள்.

"நான் வரல இனியா. நீயும் போவாத."

"திங்கக்கெழம குடுக்கணும்டா. ஒரே ஒரு ரீடிங்."

"வேணாம்" என்றான். லைன் கட்டாகிவிட்டது.

சந்திரகலா மேடமும் ஊரில் இல்லை. ஒரே ஒரு ரீடிங். அதற்காக ஆறு மாதத்தையும் வேலையையும் விடுவதா? தனியாகத் தொடக்கூடாது என்ற சட்டத்தை அன்றைக்கு அவள் மீறினாள்.

பீங்கானில் தடம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. நீராவியைத் திறந்தாள். கூண்டைப் பூட்டினாள். பேனல் முன் நின்றாள்.

"உள்ள யாருனா இருக்கீங்களா?"

உஸ்ஸ்ஸ்...

"உள்ள யாருனா இருக்கீங்களா?"

மின்விசிறி ஓடவில்லை. காற்று இல்லை. உள்ளே சங்கிலி மட்டும் ஆடியது. கிணிங்... கிணிங்...

மூன்றாம் தடவையும் கேட்டாள்.

"இரும்மா... இன்னும் எறங்கல."

இரும்மா.

கேட்பது ஒரு பெண் என்று அதற்குத் தெரிகிறது.

ஓடியிருக்கலாம். கால் வரவில்லை. பட்டனை அமுக்கவும் கை வரவில்லை. அந்தக் குரலில் மிரட்டல் இல்லை. பயம் இருந்தது. அவளைவிட அதிக பயம்.

"எறங்குங்க" என்றாள். "நான் நிக்கறேன்."

டங்...

இரும்புப் படியில் கால் வைக்கும் சத்தம்.

டங்... டங்...

அந்த லேபில் ஏணியே கிடையாது.

சத்தம் கீழே இறங்கியது. நிதானமாக. கூரையிலிருந்து கூண்டின் பாதிக்கு. பாதியிலிருந்து தரைக்கு.

தொப்.



"எறங்கிட்டீங்களா?"

அவள் காத்திருந்தாள். உடம்பெல்லாம் வேர்வை.

"ம்... போடும்மா."

போட்டாள். எந்தத் தைரியத்தில் போட்டாள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. வோல்டேஜை ஏற்றினாள். நீல ஒளி பளிச்சென்று பாய்ந்தது. ரீடிங் கிடைத்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் பஸ் ஸ்டாப்பு வரை ஓடினாள்.

திங்கட்கிழமை ஆய்வறிக்கை உள்ளே போய்விட்டது. மேடத்துக்குச் சந்தோஷம். ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்: மூன்றாவது பீங்கான் எத்தனை வருஷம் கம்பத்தில் இருந்தது? வைவாவில் கேட்பார்களாம்.

விசாரிக்க ஜெரெமியும் அவளும் தேங்காய்த்திட்டுக்குப் போனார்கள். ஐஸ் ஃபேக்டரி வாட்ச்மேன் யோசித்தார்.

"அத மாட்டனது எலக்ட்ரீசியன் அம்மாவாசை. அவருக்குத்தான் தெரியும், ஆனா அவருக்குப் பேச்சு போயிடுச்சே. சரி, அவரு வூட்ல கேட்டுப் பாருங்க."

அம்மாவாசை வீடு உழவர்கரையில். போனால் வாசலில் பந்தல் பிரித்த குழி. வாசற்படியில் காய்ந்த வேப்பிலை. அவர் மனைவி மணியம்மாள் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். ஜெரெமிதான் பேசினான். இனியாவின் கண் வாசல் குழியை விட்டு நகரவில்லை.

"நாலு வருஷம் முன்னாடிப்பா" என்றார் மணியம்மாள். "ஐஸ் ஃபேக்டரி கம்பத்து மேல பீங்கான் மாட்டற வேல. எறங்கியாச்சான்னு கீழ இருந்து கேட்டாங்களாம். இவரு இன்னும் எறங்கலன்னு கத்தியிருக்காரு. மெஷின் சத்தத்துல யார் காதுலயும் உழல. லைன போட்டுட்டாங்க."

"அப்பவே எறந்துட்டாரா?" என்றான் ஜெரெமி.

"இல்லப்பா. உசுரு இருந்திச்சி. நாலு வருஷமும் கட்டில்தான். பேச்சு இல்ல, கை கால் வராது. போன வெள்ளிக்கெழம மதியந்தான் போனாரு."

இனியா ஜெரெமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டு கழுவினு இருந்தேன். கட்டில் கிறீச்சுன்னிச்சி. ஓடி வந்து பாத்தா ஒக்காந்துனு இருக்காரு. ஒரு கால கீழ வெச்சாரு. அப்பறம் இன்னொரு கால். நின்னாரு. 'எறங்கிட்டேன்டி'ன்னு என்னப் பாத்து சிரிச்சாரு. நாலு வருஷம் கழிச்சி அந்தக் குரல கேட்டேன்..." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அப்பறம் மேல பாத்து, யாருக்கோ சொல்ற மாதிரி, 'ம், போடும்மா'ன்னாரு. அவ்ளோதான். கரண்ட் புடிச்ச மாதிரி ஒடம்ப தூக்கி அடிச்சிது. போயிட்டாரு."



"அது வந்து கூட்டினு போயிடிச்சி" என்றார் மணியம்மாள்.

"எது?" என்றான் ஜெரெமி.

"பேய்தான், வேற இன்னா? வியாழக்கெழம மதியமே வூட்டுக்குள்ள கேட்டிச்சி. பொண்ணு குரல். சின்னப் பொண்ணு. 'உள்ள யாருனா இருக்கீங்களா, உள்ள யாருனா இருக்கீங்களா'ன்னு மூணு தடவ. பயந்து போயி வேப்பில சொருவனேன். வெள்ளிக்கெழம மறுபடியும் வந்திச்சி. 'எறங்குங்க, நான் நிக்கறேன்'ன்னிச்சி. அந்தக் குரல செத்தாலும் மறக்க மாட்டேன்."

மணியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் இனியாவைச் சரியாகப் பார்த்தார்.

"நீ ஏம்மா, வந்ததுலேந்து வாயே தொறக்கல?"

இனியா தலையை மட்டும் ஆட்டினாள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அவளுக்குப் பட்டம் கிடைத்தது. பெங்களூர் கம்பெனியிலிருந்து கடிதமும் வந்தது. அவள் போகவில்லை. அங்கேயும் பட்டனை அமுக்கும் முன் மூன்று முறை கேட்க வேண்டுமாம்.