மஞ்சள் டேப்பில் நாலு அறை

நீங்கள் இருவரும் இப்போது ஆங்கிலத்திலேயே சண்டை போடுகிறீர்கள். அந்த ஆங்கிலம் நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதை எழுதி வைக்கிறேன். தம்பி அப்போது பிறக்கவில்லை. அக்காவுக்கு நாலு வயது.

ஓசூரில் லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே ஷீட் கூரையின் கீழ் வரிசையாக எட்டுக் கதவுகள். ஒரு கதவைத் திறந்தால் ஓர் அறை, அவ்வளவுதான் வீடு. அக்காவை ஓர் ஆங்கிலப் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்க ஆசைப்பட்டோம். அங்கே பிள்ளையிடம் ஐந்து நிமிடம் பேசிப் பார்ப்பார்கள், கேள்வி பெரும்பாலும் வீட்டைப் பற்றித்தான் இருக்கும் என்று லைனில் சொன்னார்கள். நான் தமிழில் பத்தாவதும், பிறகு ஐ.டி.ஐ.யும் படித்தவன். பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு படப் புத்தகம் வாங்கி வந்தேன். அதில் இருந்த வீட்டில் ஹால், பெட்ரூம், கிச்சன், டைனிங் ரூம், வெளியே கார்டன்.

அக்கா புத்தகத்தைப் பார்த்தாள், பிறகு வீட்டைப் பார்த்தாள். "பெட்ரூம் எங்கப்பா இருக்குது?" என்றாள்.

எங்கள் கம்பெனியில் தரை முழுக்க மஞ்சள் டேப் ஒட்டியிருக்கும். டிராலி நிற்க ஒரு கட்டம், ஸ்கிராப் தொட்டிக்கு ஒரு கட்டம், ஆள் நடக்க ஒரு பாதை. சுவரே வேண்டாம், கோடு போட்டு லேபிள் ஒட்டினால் அந்த இடத்துக்குப் பெயர் வந்துவிடும். ஸ்டோரில் கேட்டு தீரப்போகும் ஒரு சுருளின் மிச்சத்தை வாங்கி வந்து, எங்கள் அறையை ஹால், பெட்ரூம், கிச்சன், டைனிங் என்று நாலாகப் பிரித்து ஒட்டினேன். கதவுக்கு என்று கோட்டில் இடைவெளியும் விட்டேன்.

உங்கள் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏங்க, நான் இப்ப எந்த ரூம்ல நிக்கிறேன்?"

"டைனிங்ல."

"கொழம்ப எறக்க?"

"கிச்சனுக்குப் போ. கோட்ட மிதிக்காத."

"கம்பெனிய அங்கயே வுட்டுட்டு வாங்க."

அக்காவுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஒன்று என்றால் தேர் ஈஸ், பல என்றால் தேர் ஆர் என்று சொல்லிக் கொடுத்தேன். கம்பெனி மெஷினில் ஒரு ஜாப், அதாவது ஓர் இரும்புப் பாகம், ஓடி முடிவதற்குள் நான் அஞ்சு வாக்கியம் சொல்லிப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்தால் அவள் என்னைவிட வேகமாகச் சொல்வாள்.

பள்ளியில் தலைமை ஆசிரியை அவளிடம் எத்தனை ரூம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். "தேர் ஆர் ஃபோர் ரூம்ஸ் இன் மை ஹவுஸ்" என்றாள் அக்கா, கொஞ்சமும் தடுமாறாமல். அவர் என் பக்கம் திரும்பினார். "நாலு ரூமா சார்?"

"யெஸ் மேடம்" என்றேன். அவர் விண்ணப்பத்தில் நாலு என்று எழுதிக்கொண்டார். "சனிக்கிழமை எங்க டீச்சர் ஒருத்தங்க வீட்டுக்கு வருவாங்க. எல்லாப் பிள்ளைங்க வீட்டுக்கும் போறதுதான். அதுக்கப்புறம் லிஸ்ட் போடுவோம்."

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் உங்கள் அம்மா டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒண்ணுன்னு சொல்றதுக்கு என்னாங்க?" என்றாள்.

"பாப்பா சொன்னது பொய்னு ஆயிடும்ல?"

"அவ பொய் சொல்லல. அவளுக்கு நாலுதான். உங்களுக்கு எத்தன?"

அந்த வாரம் சாப்பாடு இறங்கவில்லை. அளவு தப்பி ரெண்டு ஜாப் ரிஜெக்ட் ஆயின. வீட்டைப் பார்த்ததும் டீச்சர் என்ன நினைப்பார், என் பொய்க்காகப் பிள்ளையின் சீட்டு போய்விடுமா என்பதே ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கதவில் தளி என்ற ஊரிலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார். விஷயம் தெரிந்ததும், "நம்ம கதவயும் தெறந்து வெக்கிறேண்ணா, அதயும் சேத்துக் காட்டுங்க. ரெண்டு ரூமாவது ஆவும்" என்று சிரித்தார். ஒரு நாள் முழுக்க நான் அதை நிஜமாகவே யோசித்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை டேப்பையாவது பிய்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு மூலை கிளம்பியதுமே அக்கா அழுதுகொண்டு ஓடி வந்தாள். "வீட்ட இடிக்காதப்பா." அப்படியே விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை வந்த டீச்சருக்கு உங்கள் அம்மாவைவிடப் பத்து வயது கூட இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தார்.

"மிஸ், அங்க சுவரு. இப்பிடி வாங்க" என்றாள் அக்கா.

டீச்சர் காலைப் பின்னால் எடுத்தார். தரையைப் பார்த்தார். பிறகு நான் விட்டிருந்த இடைவெளி வழியாகவே சுற்றி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பையைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "மேடம், தேர் ஈஸ் ஒன்லி ஒன் ரூம்." அதற்குமேல் ஆங்கிலம் வரவில்லை. "அன்னிக்கு ஆமான்னு சொன்னது பயத்துலங்க. பாப்பா மேல தப்பில்ல. இந்தக் கோடெல்லாம் நான் போட்டது."

அவர் அக்காவைக் கூப்பிட்டு ஒவ்வொரு அறையாகக் காட்டச் சொன்னார். அவள் காட்டினாள், கதவு வழியாகவே போய் வந்தாள்.

"இந்த வாரம் ஆறு வீடு பாத்துட்டேன் சார்" என்றார் டீச்சர், தரையில் கிடந்த படப் புத்தகத்தைக் காட்டி. "எல்லாரும் இந்தப் புத்தகத்து வீட்டத்தான் ஒப்பிச்சிருக்காங்க. நாலு பேரு வீட்டுல கார்டனே இருக்குதாம். நான் ஒரு செடியும் பாக்கல."

உங்கள் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

அவர் விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். "நாலுன்னு இருக்கிறத அடிச்சுட்டு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மேடம் கேட்டா நான் நடந்தத சொல்லணும்."

அடித்தேன், ஒன் என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

"சீட்டு கெடைக்குமாங்க?" என்றாள் உங்கள் அம்மா.

"அது என் கையில இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்.

செவ்வாய்க்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்ததும் யூனிஃபார்மோடு பள்ளிக்குப் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் லிஸ்ட் இருந்தது. முதல் வரிசை முழுக்க விரலால் தேடினேன், இல்லை. இரண்டாவதில் பாதி தாண்டியும் இல்லை. கண்ணாடியில் எண்ணெய்க் கறை படிவதாக வாட்ச்மேன் திட்டிக்கொண்டிருந்தார். கடைசியிலிருந்து மூன்றாவதாக அக்கா பெயர், இன்ஷியலோடு இருந்தது. நம்பாமல் இன்னொரு முறை படித்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது உங்கள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். கோடு போட்ட நாளிலிருந்து என்னைக் கிண்டல் செய்தவளும் பயந்துதான் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.