உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

ஆக்தெரெக் ஊரில் கேமரா விற்பவர் ஏசென்பெக் ஒருவர்தான். சந்தையில் வரிசையாக நிற்கும் இரும்புக் கன்டெய்னர்களில் ஏழாவது அவருடைய கடை. முன்பு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவர். வேலை போயும் வாத்தியார் புத்தி போகவில்லை. பல்பு வாங்க வந்தவனுக்குக்கூட கால் மணி நேரம் பாடம் எடுத்துவிட்டுத்தான் பல்பைக் கையில் கொடுப்பார். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை கனிஷாய் அந்தக் கடைக்குள் நுழைந்தாள்.

"வா தங்கச்சி. எதைக் காபந்து பண்ணணும்? ஆடா, மாடா, காரா?"

"பொண்ணு" என்றாள் கனிஷாய்.

ஏசென்பெக் அதற்குமேல் வேடிக்கை பேசவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

கனிஷாய்க்கு நாற்பத்து மூன்று வயது. பாலர் பள்ளியில் சமையல்காரி. எண்பது குழந்தைகளுக்குக் காலையில் கஞ்சி, மதியம் சூப்பு. மகள் பெகிமாய்க்குப் பத்தொன்பது வயது. ஊரின் மேற்குக் கோடியில் இருக்கும் மருத்துவக் கல்லூரியில் நர்சுப் படிப்பு கடைசி வருஷம் படிக்கிறாள். படிப்பு முடிந்ததும் தலைநகர் பிஷ்கெக்கில் வேலை என்று பேச்சு. கணவன் ஓஸ்கோன் நிலக்கரி லாரி ஓட்டுகிறான். வாரத்தில் நான்கு நாள் சாலையில்தான் குடித்தனம்.

அந்த வாரம் மூன்று நாளாக வீட்டுக்கு எதிரே வெள்ளி நிறக் கார் ஒன்று நின்றது. நம்பர் பலகையில் சேறு பூசியிருந்தது. மழையே பெய்யாத வாரத்தில் ஏது சேறு? உள்ளே இரண்டு பேர் சூரியகாந்தி விதையைக் கொறித்துக் கொறித்து ஜன்னல் வழியே தோலைத் துப்பிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் கனிஷாய் போய் அந்தத் தோல் குவியலைப் பார்த்தாள். இவ்வளவு விதை கொறிக்க எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டதும் பயம் பிடித்துக்கொண்டது, நேரே சந்தைக்குக் கிளம்பிவிட்டாள்.

அந்தப் பயத்தை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இருபது வயதில் நூலகத்திலிருந்து திரும்பும்போது நான்கு பேர் அவளைக் காரில் தூக்கிப் போட்டார்கள்; பெண்ணைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிக்கொள்வது அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். ஓஸ்கோனை அதற்குமுன் அவள் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள். அவன் வீட்டில் பெண்கள் சுற்றி நின்று, கல்யாணத்துக்குச் சம்மதித்ததற்கு அடையாளமான வெள்ளை முக்காட்டைத் தலையில் கட்டினார்கள், அவள் பிய்த்து எறிந்தாள், மறுபடியும் கட்டினார்கள். வெளியே ஓடப் பார்த்தபோது வீட்டுக் கிழவி வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டாள். கிழவியைத் தாண்டிப் போகிறவள் உருப்பட மாட்டாள் என்பது ஊர் நம்பிக்கை. ராத்திரி கழிந்தது. மறுநாள் திரும்பிப் போனாலும் யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள். அவள் இருந்துவிட்டாள். ஓஸ்கோன் குடிப்பதில்லை, அடிப்பதில்லை. நல்லவன் என்று ஊர் சொல்லும், அவளும் சொல்லுவாள். ஆனால் நூலகம் இருக்கும் தெரு வழியாக அவள் அதற்கப்புறம் நடந்ததே இல்லை. இப்போது சட்டம் வந்துவிட்டது, பெண்ணைத் தூக்கினால் ஜெயில் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்ததைப் படித்துவிட்டா காரை ஓட்டுகிறான்கள்?

"வெளியில மாட்டுறதுக்கு பேட்டரி கேமரா கேக்காத" என்று ஏசென்பெக் தொடங்கினார். "ஜனவரில மைனஸ் முப்பதுக்குப் போறப்ப பேட்டரி படுத்துக்கும். கம்பி இழுத்து மாட்டு. மேல சின்னத் தகரம் ஒண்ணு அடிச்சிடு, பனி கண்ணை மூடாது."

"கரண்டு போயிட்டா, அண்ணே?"

"அதுக்கு இந்தப் பெட்டி. நாலு மணி நேரம் தாங்கும். படம் உள்ள இருக்கற கார்டுலயும் ஏறும். ரொம்ப உயரத்துல மாட்டாத. மேல மாட்டினா தொப்பிதான் தெரியும். நம்ம ஊர்ல எல்லாத் தொப்பியும் ஒரே தொப்பி, எவன் தலைன்னு கண்டுபிடிப்ப?"

இன்னொரு மாதிரியை எடுத்துக் காட்டினார். தெரிந்த முகங்களை அதில் பதிந்து வைக்கலாம். அவர்கள் வந்தால் கேமரா சும்மா இருக்கும். தெரியாத முகம் வந்தால் போனில் மணி அடிக்கும். கனிஷாய்க்கு அது பிடித்துப்போனது.

"உள்ளுக்கும் ஒண்ணு போடு" என்றார் அவர். "வெளியில இருக்கறது யார் வர்றான்னு காட்டும். வந்தவன் என்ன பண்றான்னு உள்ள இருக்கறதுதான் காட்டும்."

உள்ளே வைப்பதில் இரண்டு ரகம் இருந்தது. ஒன்று படம் மட்டும். மற்றது கேட்கவும் செய்யும், நாம் இங்கிருந்து பேசினால் அங்கே ஒலிக்கவும் செய்யும். விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கனிஷாய் மலிவானதைக் கையில் எடுத்தாள், மறுபடி கீழே வைத்தாள். பெகிமாய் கத்தினால் அது இதில் கேட்காதே.  காது உள்ளதையே வாங்கிக்கொண்டாள்.

ஓஸ்கோன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். வெளிக் கேமராவை அவனே ஏணி போட்டு மாட்டினான், தகரமும் அடித்தான். நடைச் சுவரில் இருந்ததைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இது எதுக்கு உள்ள?"

"பொண்ணு தனியா இருக்கறாளேன்னு..."

"என் வீட்டுக்குள்ள நான் சோறு தின்றதையும் போன்ல பாக்கப் போறியா? நான் என்ன ஆட்டுத் திருடனா? அடுத்த தடவை வர்றப்ப இது இங்க இருக்கக் கூடாது."

நடைச் சுவரில் அது இல்லாமல் போனது. உள் அறையில் மடித்து அடுக்கிய ரஜாய்ப் போர்வைகளின் நடுவே போனது, கண் மட்டும் வெளியே தெரியும்படி. கழற்றிவிட்டேன் என்று கணவனிடம் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான். சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முகங்களைப் பதியும் வேலை திங்கட்கிழமை நடந்தது. தான், மகள், கணவன். அப்போது ஓஸ்கோனின் அக்கா தமீரா வந்து சேர்ந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், தினமும் ஒருமுறை வந்து தேநீர் குடிக்காவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது, வீட்டுச் சாவி ஒன்றும் அவளிடம் உண்டு. கணவனின் அக்காவுக்குக் கதவைச் சாத்துகிறவளும் இந்த ஊரில் கிடையாது.

"என்னடி இது, பாஸ்போர்ட்டு ஆபீசா?"

"தெரிஞ்ச மூஞ்சின்னா இது சத்தம் போடாது, அக்கா."

"அப்ப என்னையும் புடி. நான் வர்றப்பல்லாம் உன் போன் அலறினா உன் கஞ்சி அடிப்புடிச்சிடும்." தமீரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். கனிஷாய் அந்தச் சிரிப்பையும் பதிந்துகொண்டாள்.

முதல் மூன்று நாள் போன் அவள் உயிரை வாங்கியது. தெருவோடு போகிற வருகிற மாடுகளுக்கெல்லாம் மணி அடித்தது. ஒவ்வொரு தடவையும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப் பார்ப்பாள், திரையில் ஒரு பசு நின்று கேமராவை முறைத்துக்கொண்டிருக்கும். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள். வெள்ளிக் காரை மட்டும் காணவில்லை. கேமராவைப் பார்த்துப் பயந்துவிட்டான்கள் என்று பெகிமாய் சொன்னாள். கனிஷாய்க்கும் அப்படி நம்பத்தான் ஆசை.

வியாழக்கிழமை காலையிலிருந்து போன் வாயே திறக்கவில்லை. முந்தின நாள்வரை சத்தத்துக்குப் பயந்தவள் அன்றைக்குச் சத்தம் இல்லாததற்குப் பயந்தாள். பன்னிரண்டு மணிக்குச் சூப்பை இறக்கி வைத்துவிட்டு, எப்போதும் பார்க்காத உள் கேமராவைத் திறந்தாள்.

வீட்டில் ஆள் இருந்தது. தமீரா தரையில் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தாள். மேசைவிரிப்பில் ரொட்டி, வெண்ணெய், எண்ணெயில் பொரித்த மாவுருண்டை, ஆறு தேநீர்க் கிண்ணங்கள். மடியில் கடை மடிப்புக் கலையாத புது வெள்ளை முக்காடு. அதைத் தடவித் தடவிச் சுருக்கம் எடுத்துக்கொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவ மூணு மணி வரைக்கும் வர மாட்டா. புள்ள ஒரு மணிக்கு வந்துடும். நீங்க பன்னெண்டே முக்காலுக்கு வந்து உள்ள உக்காந்துக்குங்க, வாசல்ல நிக்க வேணாம். காரைக் கொல்லைப் பக்கமா நிறுத்துங்க... அட, அவன் என்னைக்கோ ஒத்துக்கிட்டான். பொண்ணு பிஷ்கெக்குக்குப் போனா கை நழுவிடும்னு அவனே சொல்றானே. அதான் இன்னிக்கு ஊர்ல இல்லாம போயிட்டான். தம்பி முன்னாடி நடந்தா நல்லா இருக்காது பாரு."

தம்பி என்றால் ஓஸ்கோன். தமீராவுக்கு வேறு தம்பி கிடையாது.

கனிஷாய் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஏணியில் ஏறி ஆணி அடித்தது அவன் கை. தகரம் வெட்டியது அவன் கை.  திரையின் ஓரத்தில் பேசுவதற்கான பொத்தான் இருந்தது. அழுத்தினால் போதும், ரஜாய்க் குவியலிலிருந்து அவள் குரல் தமீராவின் முதுகுக்குப் பின்னால் கிளம்பும். கட்டைவிரல் அதன்மேலேயே நின்றது. இருபத்து மூன்று வருஷமாகக் கேட்காமல் விட்டதையெல்லாம் கேட்டுவிடலாம்.

ஆனால் கேட்டால் என்ன ஆகும்? இன்னொரு போன் போகும். கார் வீட்டுக்கு வராது, நேரே கல்லூரி வாசலுக்குப் போகும். அவள் விரலை எடுத்தாள்.

பெகிமாயைக் கூப்பிட்டாள். வகுப்பில் இருக்கிறாள், போன் அணைந்திருந்தது. வகுப்பு பன்னிரண்டரைக்கு முடியும். மணி பன்னிரண்டு எட்டு. ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் தெருவுக்கு ஓடினாள். வந்த முதல் வாடகைக் காரின் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"செத்துத் தொலையவா வந்த?" என்று ஓட்டுநர் கத்தினார்.

"மருத்துவக் கல்லூரி. சீக்கிரம் போங்கண்ணே, எம் பொண்ணு."

அந்த முகத்தைப் பார்த்ததும் அவர் கதவைத் திறந்துவிட்டார். பாலத்தருகே ஆட்டு மந்தை ஒன்று சாலையை அடைத்துக்கொண்டது. ஆடுகள் ஆற அமர நடந்தன. கனிஷாய் ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு அல்லாவைக் கூப்பிட்டாள், ஆடுகளைத் திட்டினாள், மறுபடி அல்லாவைக் கூப்பிட்டாள்.

நடுவில் போன் அடித்தது. தமீரா.

"எங்கடி இருக்க?" தேன் ஒழுகும் குரல்.

"வேற எங்க அக்கா, சமையக்கட்டுலதான்." கார் சத்தம் கேட்காமலிருக்கக் கையால் போனை மூடிக்கொண்டாள். "சூப்பு இன்னும் வேகல."

"சரி சரி, உன் வேலையப் பாரு. சும்மாதான் கூப்பிட்டேன்."

போனை வைத்துவிட்டு ஓட்டுநரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னாள் கனிஷாய்.

பெகிமாய் இரண்டு தோழிகளோடு சிரித்துக்கொண்டே படியிறங்கி வந்தாள். அம்மா ஏப்ரனோடு நிற்பதைப் பார்த்து வெட்கப்பட்டாள். "என்னம்மா கோலம் இது? எல்லாரும் பாக்கறாங்க." கனிஷாய் அவள் மணிக்கட்டைப் பற்றினாள். கார் வரைக்கும் அந்தக் கையை விடவில்லை. காருக்குள் உட்கார வைத்துத் திரையைக் காட்டினாள்.

போனில் மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கொல்லைக் கதவு வழியாக நான்கு வாலிபர்கள் முற்றத்துக்குள் வந்தார்கள்; வெளிக் கேமராவுக்கு முற்றமும் தெரியும் என்பதைத் தமீரா அறியவில்லை போல. பூட்சைக் கழற்றி ஒழுங்காக வரிசையில் வைத்தார்கள். உள்ளே உட்கார்ந்தார்கள். தமீரா கிண்ணங்களில் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். ஒருவன் மாவுருண்டையை வெண்ணெயில் தோய்த்துத் தின்றான். அவனைத்தான் மற்றவர்கள் தோளில் தட்டித் தட்டிக் கேலி செய்தார்கள்.

"அந்த உருண்டைய நான் நேத்து சுட்டேன்" என்றாள் பெகிமாய். அதுதான் முதலில் அவள் வாயில் வந்தது. பிறகு, "அம்மா, இவனை எனக்குத் தெரியவே தெரியாதும்மா. ஒரு தடவைகூடப் பேசினதில்ல."  கனிஷாய் மகளின் தலையைத் தன் ஏப்ரனில் புதைத்துக்கொண்டாள். மகள் கேட்டாக வேண்டிய தமீராவின் பேச்சு இன்னும் அந்தப் போனில் பதிவாகி இருந்தது. அதை இப்போது போட்டுக்காட்ட கனிஷாய்க்குத் தைரியம் வரவில்லை.

காவல் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் ஓர் இளம் பெண் அதிகாரி இருந்தாள். கனிஷாய் போனை அவள்முன் வைத்தாள். அதிகாரி முழுவதையும் பார்த்தாள், பேச்சை இரண்டு தடவை கேட்டாள். உடனே யாரையோ கூப்பிட்டு வீட்டு முகவரியைச் சொன்னாள், வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. பெகிமாய் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அப்பா ஒத்துக்கொண்டார் என்பதை அவள் அங்கேதான் கேட்டாள். அழவில்லை. காதில் இருந்த தோட்டைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

அதிகாரி ஒரு தாளையும் பேனாவையும் நகர்த்தினாள்.

"யார் யார் மேல புகார்னு உங்க கையாலயே எழுதுங்கக்கா. அந்தப் பசங்க பேரை நாங்க கண்டுபிடிச்சுக்கறோம்."

கனிஷாய் முதல் வரியில் தமீராவின் முழுப் பெயரை எழுதினாள். பேனா நின்றது.

அதிகாரி குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த பேரை நீங்க எழுதினா திரும்ப எடுக்க முடியாது. விசாரணை வரும், உங்க மாமியார் வீட்டு ஜனம் மொத்தமும் வாசல்ல வந்து நிக்கும். உங்களுக்குப் போக வேற இடம் இருக்கா?"

"இல்ல" என்றாள் கனிஷாய்.

நிஜமாகவே இல்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. நான்கு பேர் தூக்கிப்போட்ட காரில்கூட இவ்வளவு பயந்ததில்லை என்று தோன்றியது. நாளைக் காலை லாரி வந்து வாசலில் நிற்கும், அவன் இறங்குவான், பசிக்கிறது என்பான். அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பெகிமாய் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எழுதப் போகிறாளா இல்லையா என்று.

எழுத்துக் கோணலாகத்தான் விழுந்தது. இரண்டாவது வரியில் கணவனின் பெயரை எழுதி, பக்கத்தில் "பெண்ணின் தகப்பன்" என்றும் எழுதினாள்.