முழுப்பேர் வாங்கிய நெஞ்சு

தேயிலைத் தோட்டத்தில் வேலை முடியுமா என்று யார் கேட்டாலும் "முடியும்ங்க" என்றுதான் சொல்லிப் பழகியிருந்தோம். முடியவில்லை என்றால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். அடிக்கடி அப்படிச் சொன்னால் மலையைவிட்டு இறக்கி, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்ட விட்டுவிடுவார்கள். அந்த வயதில் அது எனக்குச் சாவைவிடப் பெரிய அவமானம். வட்டகொடைக்கு மேலே எங்கள் தோட்டத்தின் உச்சி மலையில், கொழுந்து பறிக்கிற முதல் நிரை என்னுடையது.

கல்யாணமான மறு வருஷமே அந்த மலை எனக்கு எட்டாமல் போக ஆரம்பித்தது. கொஞ்சம் ஏறினாலே மூச்சு இரைத்தது. சிறு வயதில் மூட்டுகள் வீங்கி ஒரு காய்ச்சல் வந்திருந்தது. அதுதான் இதயத்து வால்வைக் கெடுத்தது என்பது பிறகு தெரிந்தது. ஒரு மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடையோடு விழுந்தேன். தோட்டத்து டாக்டரய்யா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, கொழும்பு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அறுபதுகளின் தொடக்கம் அது.

அங்கே பெரிய டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "பிள்ளை, ஏறேக்க மூச்சு வாங்கிறதோ?" என்று கேட்டார்.

"இல்லைங்கய்யா." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "அவ அரைப்பேரே வாங்குனதில்லைங்க ஐயா!"

டாக்டருக்கு அரைப்பேர் விளங்கவில்லை. "அப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்? கடல் பாக்கவோ?" என்றவர், எழுந்து சிவப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் அதைப் போட்டிருந்தால்தான் இருட்டறையில் கண் தெரியுமாம்.

"நுவரெலியா ரேஸ் பாக்க வர்ற தொரை மாதிரியே இருக்காரு" என்று வீட்டுக்காரர் காதில் கிசுகிசுத்தார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

இருட்டறையில் தாதி என் ரவிக்கையைக் கழற்றி ஒரு தொளதொள அங்கியை மாட்டிவிட்டாள். அந்நிய ஆம்பிளை முன்னால் அப்படி நின்றதே இல்லை. இருட்டு என்னைக் காப்பாற்றியது. சில்லென்ற பலகை ஒன்றை நெஞ்சோடு அழுத்தி, சுண்ணாம்புக் கரைசல் போன்ற ஒன்றை விழுங்கச் சொன்னார்கள். பலகையின் அந்தப் பக்கம் என் இதயம் உயிரோடு அசைவது தெரியுமாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் டாக்டரின் முகத்தில் விழுந்த பச்சை வெளிச்சம்தான்.

"உம்மட வாய் இல்லையெண்டுது. இஞ்ச படம் ஓம் எண்டுது" என்றார் அவர். "வால்வு ஒட்டிப்போய் ரத்தம் பின்னால தேங்கி நிக்குது. இதோட எப்பிடி மலை ஏறினனீர்?"

நான் அங்கியை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"வால்வைத் திறக்கலாம். ஆனா இதயத் தசையும் சோர்ந்திருந்தா, திறந்தும் பிரயோசனமில்லை. அதைத்தான் பாக்கவேணும்."

தாதியோடு மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார். இரைக்க இரைக்க வந்து மறுபடி பலகையின் பின்னால் நின்றேன். தசை சோர்ந்துவிட்டது என்று சொன்னால் ஆபரேஷன் கிடையாது. அப்படியே ஊர் திரும்ப வேண்டியதுதான். பச்சை வெளிச்சம் அந்த முகத்தை விட்டு நகரவே இல்லை.

"வடிவா அடிக்குது" என்றார் கடைசியில். வெளியே நின்ற இளம் டாக்டர்களைக் கூப்பிட்டார். "இஞ்ச வாங்கோ. இந்த ஓரம் எப்பிடிச் சுருங்குது, பாருங்கோ. மலை ஏறின தசை!"

அத்தனை பேரும் என் நெஞ்சைப் பார்த்தார்கள். வெட்கத்தில் கால் விரல்கள் சுருண்டுகொண்டன. ஆனாலும் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது நிற்பதைப்போல நேராக நின்றேன்.

ஆபரேஷனில் நெஞ்சின் இடது பக்கம் கீறி, விரலை உள்ளே விட்டு ஒட்டியிருந்த வால்வைப் பிரித்தார்கள். காயம் ஆறியதும் மறுபடி அதே இருட்டறை. திறந்த வழியாக இப்போது நிறைய ரத்தம் வருகிறதே, அதைத் தசை தாங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம். இந்தத் தடவை டாக்டர் கேட்டதும், தரையைப் பார்த்துக்கொண்டே, "படி ஏறுனா கொஞ்சம் இரைக்குதுங்கய்யா" என்றேன்.

"இப்பதான் உம்மை நம்பலாம்" என்று சிரித்தார். பார்த்து முடித்ததும், முதலில் எடுத்திருந்த எக்ஸ்ரே படத்தையும் புதிய படத்தையும் வெளிச்சத்துக்கு எதிரே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஊதிக் கிடந்த இதயம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. "தசை நல்லாத் தாங்குது."

"முழுப்பேர் போடலாங்களா ஐயா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். முழு நாள் வேலை என்று தாதி விளக்கினாள்.

"கொஞ்ச மாசம் பொறுத்துப் போடட்டும்."

பொங்கலுக்குப் பிறகு உச்சி மலை ஏறினேன், முழுப்பேரும் வாங்கினேன். ஆனால் நான் அடிக்கடி நினைப்பது நாங்கள் ஊர் திரும்பிய அந்த ரயிலைத்தான். ஏறியவர்களிடமெல்லாம் என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே வந்தார். "டாக்டருங்க எல்லாம் வரிசையா வந்து பாத்தாங்க. அப்பேர்ப்பட்ட தசையாம்!"

கினிகத்தேனையில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நாநா, "அப்ப நீங்க கவனமா இரிங்க தம்பி. இந்த நெஞ்சோட சண்டைக்குப் போய்த் தப்ப ஏலாது" என்றார். பெட்டியே சிரித்தது. நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

றொசல்லையில் ஒரு பெண் மூட்டையோடு ஏறி எதிரே உட்கார்ந்தாள். பேசிக் களைத்த வீட்டுக்காரர் கண்ணை மூடியிருந்தார். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு அவர் விலாவில் மெல்ல இடித்தேன்.

"என்னா?"

"அந்த அக்காவுக்கு இன்னும் சொல்லலியே" என்றேன்.