சனி முழுக்கு

நான் பந்து பிடித்துப் பிழைத்தவன். இதைச் சொல்ல எனக்கு எந்த வெட்கமும் இல்லை. கல்யாண வீடுகளில் "தம்பி என்ன செய்யிறீர்?" என்று கேட்கிறவர்களுக்கு "பந்து பிடிக்கிறன்" என்றுதான் பதில் சொல்வேன். "அது சரி, வேலை?" என்று அடுத்த கேள்வி வரும். "அதுதான் வேலை" என்பேன். கேட்டவர் என் அம்மாவை ஒரு பார்வை பார்ப்பார், செத்தவீட்டில் துக்கம் விசாரிக்கிற பார்வை. அம்மா உடனே "படிப்பும் முடிச்சிட்டான்" என்று என் மானத்தைக் காப்பாற்றுவார். காப்பாற்றச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இது காலால் உதைக்கிற பந்து அல்ல. இரு முனையும் கூரான தோல் பந்து. எங்கள் பக்கத்தில் ஒருவன் அதை எறிவான். அது விழப்போகிற இடத்துக்கு நான் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். என்னை மறிப்பதற்கென்றே எதிரணியில் ஒருவன் முகத்துக்கு நேரே நிற்பான். தாச்சி மறித்து விளையாடினவர்களுக்கு உடனே விளங்கும்: இடப்பக்கம் போவதுபோலக் காட்டி வலப்பக்கம் போகவேண்டும். தாச்சியில் தொட்டாலே ஆட்டம் போச்சு. இங்கே தொடுவதோடு விடமாட்டார்கள். எனக்கு இரண்டு விலா எலும்பு உடைந்து பொருந்தியிருக்கிறது.

பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம் என்று படிப்படியாக ஏறி, மொன்றியலின் தொழில்முறை அணிக்குள் நுழைந்தேன். நுழைந்தேன் என்றால் பின்கதவால். இரண்டு வருடம் பயிற்சி ஆட்டக்காரன். வாரம் முழுக்க மற்றவர்களோடு ஓடலாம், விழலாம், அடி வாங்கலாம். மட்ச் அன்றைக்கு மட்டும் சாதாரண உடுப்பில் ஓரத்தில் நின்று கைதட்ட வேண்டும். அப்படிக் கைதட்டிக்கொண்டிருந்த மூன்றாவது கோடையில் எங்கள் ஆள் ஒருவனுக்கு முழங்கால் போனது. வியாழக்கிழமை பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டு, சனிக்கிழமை நீ ஆடுகிறாய் என்றார்.

வெள்ளி இரவு நான் லாசாலுக்கு, அம்மாவின் வீட்டுக்குப் போனேன். டவுன்டவுனில் எனக்கு ஒரு சின்ன அறை இருந்தது. அங்கே தனியாகக் கிடந்தால் நித்திரை வராது என்று தெரியும். அம்மாவின் வீட்டிலும் நித்திரை வரவில்லை. விடிய எழும்பி வந்தபோது அம்மா என் கண்ணைப் பார்த்தார்.

"கண் ரெண்டும் கொவ்வைப்பழம் மாதிரிக் கிடக்கு. உடம்பு கொதிச்சுப்போச்சு. இரு, எண்ணெய் வைச்சு விடுறன்."

"அம்மா, எனக்குப் பத்தரைக்கு அங்கை நிக்கவேணும்."

"சனிக்கிழமையும் அதுவுமா முழுகாமல் போறியோ? அதுவும் இண்டைக்கு?"

எங்கள் வீட்டில் புதனும் சனியும் ஆண்களுக்கு எண்ணெய் நாள். பனி கொட்டினாலும் பல்கலைக்கழகச் சோதனை என்றாலும் அதில் மாற்றமில்லை. நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சுவார். குளியலறையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் முக்காலி இருந்தது. ஆறடி ஒரு அங்குலம் இருக்கிற நான் அதில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தேன். அம்மா உச்சியில் எண்ணெயை வைத்து, உள்ளங்கையால் அரக்கித் தேய்த்தார். இரண்டு நாளாகப் படபடத்த நெஞ்சு அந்த முக்காலியில்தான் அடங்கியது.

"கை காலுக்கு நீயே பூசு. கொஞ்சம் ஊறவிட்டு முழுகு. மூண்டு தரம் சீயக்காய் போட்டு முழுக வேணும், விளங்கிச்சுதோ? ஒரு தரத்திலை உது போகாது."

விளங்கியது. ஆனால் மணிக்கூடு ஒன்பது நாற்பது காட்டியது. ஷாம்பூவைப் போட்டு ஒரே ஒரு தரம் தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டு, துவாயால் ஒற்றிக்கொண்டு, மெட்ரோவுக்கு ஓடினேன்.

முதல் பந்து எனக்குத்தான் வந்தது. என்னை மறித்தவன் இரண்டு கையாலும் என் மேல்கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான். அவன் பிடி வழுக்கிக்கொண்டு போனது. நான் தனியாக ஓடினேன், பந்து வந்தது, பிடித்தேன். அரங்கம் எழும்பி நின்று கத்தியது. என் வேகத்தைக் கண்டு அவன் ஆடிப்போனான் என்றுதான் நினைத்தேன். ஆணவம்தான், வேறென்ன.

ஆடி மாதத்து வெயில். தலைக்கவசத்துக்குள் வியர்வை ஊற்றியது. அது கண்ணுக்குள் இறங்க, கையுறையால் நெற்றியைத் துடைத்தேன். ஒரு தரமல்ல, பத்துத் தரம். எங்கள் கையுறையின் உள்ளங்கை பந்து ஒட்டுவதற்கென்றே செய்தது. அதில்தான் என் தலையில் இருந்த நல்லெண்ணெய் முழுவதையும் பூசிக்கொண்டிருந்தேன். அடுத்த பந்து நேரே கைக்கு வந்து, நழுவி விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. இரண்டாவது நழுவியபோது, என்னை மறித்தவன் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். பிறகு மோந்து பார்த்தான். பிறகு நடுவரிடம் போனான்.

உடம்பில் வழுக்குகிற எதையும் பூசக்கூடாது என்பது விதி. நடுவர் ஒரு வெள்ளைத் துவாயைக் கொண்டுவந்து என் பின்கழுத்தைத் துடைத்தார். துவாயில் மஞ்சளாக ஒரு கோடு. எல்லாக் கமராவுக்கும் தெரியும்படி அதைத் தூக்கிப் பிடித்தார். எங்கள் அணியைப் பத்து யார் தூரம் பின்னால் தள்ளினார்கள். என்னை வெளியே அனுப்பினார்கள். நாங்கள் தோற்றோம்.

மட்ச் முடிந்ததும் அணியின் ஊடகப் பொறுப்பாளர் ஒரு தாளோடு வந்தார். நல்ல மனுசி, எனக்கு நன்மைதான் நினைத்தார். தோல் வைத்தியத்துக்கான பூச்சு ஒன்றைத் தவறுதலாகப் பாவித்துவிட்டேன், மன்னிக்கவும் என்று பிரெஞ்சில் நாலு வரி. "இதை அப்படியே வாசி. திங்கட்கிழமை எல்லாரும் மறந்துவிடுவார்கள்" என்றார்.

எனக்கு எந்தத் தோல் வியாதியும் இல்லை. இருபத்தேழு வருடமாக என் தலையில் எண்ணெய் வைத்த ஒருத்தியை, வைத்தியப் பூச்சு என்று சொல்லி மறைக்கச் சொன்னார்கள். தாளை மடித்துக் காலுறைக்குள் வைத்துக்கொண்டு ஒலிவாங்கிகளுக்கு முன்னால் போய் நின்றேன்.

"அது நல்லெண்ணெய். எள்ளில் எடுப்பது. சனிக்கிழமைகளில் என் அம்மா எனக்குத் தலைக்கு வைப்பார். நான் சரியாக முழுகவில்லை. பிழை என்னுடையது. வேறு கேள்வி இருக்கிறதா?"

இருந்தது. நிறைய இருந்தது. உங்கள் மதமா என்றார்கள். மந்திரமா என்றார்கள். தோலில் தடவுவதற்கா, சமைப்பதற்கா என்று ஒருவர் கேட்டார். "இரண்டுக்கும்" என்றேன். சிரித்தார்கள். அன்று மாலையே ஒரு வானொலிக்காரன், அவனை அப்படியே சட்டியில் போட்டுப் பொரிக்கலாம் என்றானாம். தங்கச்சிதான் கேட்டுவிட்டு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவளுக்குக் கோபம் வந்தால் பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாகத்தான் வரும். அந்த இரண்டு மொழியிலும் அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அம்மாவுக்கு வேறு கோபம்.

"எத்தினை தரம் முழுகச் சொன்னனான்?"

"மூண்டு."

"எத்தினை தரம் முழுகினனீ?"

"ஒண்டு."

"அப்ப அதையும் எல்லே ரீவியிலை சொல்லியிருக்க வேணும்! ஊர் முழுக்க இப்ப நான் பழக்கம் தெரியாதவள் எண்டெல்லோ நினைக்கும்!"

மூன்று பேரும் சிரித்தோம். அதுதான் அந்த வீட்டில் கடைசிச் சிரிப்பு, கன நாளைக்கு.

செவ்வாய்க்கிழமை காலை, பயிற்சியாளர் கூப்பிடுகிறார், டேப்லெட்டையும் எடுத்து வா என்று செய்தி வந்தது. ஆட்டத் திட்டமெல்லாம் அந்த டேப்லெட்டில்தான் இருக்கும். அதைக் கொண்டுவரச் சொன்னால் என்ன அர்த்தம் என்பது இந்தத் தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரியும். இரண்டு பந்தை விட்டேன் என்பது உண்மை. அதற்காக அனுப்பியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பேன். அவர் அதைச் சொல்லவில்லை. "அந்தத் தாளை நீ வாசித்திருக்கலாம்" என்றார். டேப்லெட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். நான் வாசித்திருக்க மாட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் வாசிக்க மாட்டேன்.

வேலை போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பெரிதாகத் தெரிந்தது அடுத்த சனிக்கிழமைதான். காலையில் போய் அந்த நீல முக்காலியில் உட்கார்ந்தேன். அம்மா வரவில்லை. கூப்பிட்டேன். குசினியில் இருந்தே, "வேண்டாம் தம்பி. என்ரை கையாலை வந்த வினை காணும்" என்றார்.

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. அதற்குப் பிறகு அவர் எவர் தலையிலும் எண்ணெய் வைக்கவில்லை. தீபாவளிக்குக்கூடத் தங்கச்சி தானே பேருக்கு ஒரு துளி தொட்டு வைத்துக்கொண்டாள். கோயிலில் ஒருத்தி "உங்கடை மகனெல்லோ அந்த எண்ணெய்ப் பிரச்சினை?" என்று கேட்டாளாம். அன்றிலிருந்து அம்மா கோயிலுக்குப் போவதும் குறைந்தது. என்னை அணியிலிருந்து வெட்டியதைப் பொறுத்துக்கொண்டேன். என் அம்மாவைத் தன் கைகளுக்கே பயப்பட வைத்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. ஆடத்தான் வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். இந்த நகரத்திலேயே, இந்த ஆட்களுக்கு முன்னாலேயே, தலையில் எண்ணெய் வைத்து முழுகிவிட்டு ஆடவேண்டும்.

அந்தக் குளிர்காலம் லாசாலில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றினேன். வேலை முடிந்து வந்தால், அம்மாவின் வீடு இருந்த கட்டடத்தின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் தங்கச்சி எனக்கு டென்னிஸ் பந்து எறிவாள். ஒரு கையால் பிடிக்க வேண்டும். ஈவிரக்கம் இல்லாமல் எறிவாள். கட்டடக் காவலாளி இரண்டு தரம் துரத்தினார், மூன்றாம் தரம் அவரும் ஒரு பந்தை எடுத்து எறிந்து பார்த்தார். வசந்தம் வந்ததும் மேற்கே உள்ள ஒரு நகரத்தின் அணி, யாரும் வந்து ஓடிக் காட்டலாம் என்று அறிவித்தது. போனேன். ஓடினேன். வந்த ஒவ்வொரு பந்தையும் பிடித்தேன். எடுத்துக்கொண்டார்கள். ஆட்ட அட்டவணை கைக்கு வந்ததும் நான் ஒரே ஒரு வரியைத்தான் தேடினேன். மொன்றியலில், ஆவணி மாதத்தில், ஒரு சனிக்கிழமை.

அணி டவுன்டவுனில் ஒரு ஹோட்டலில் தங்கியது. மட்ச் பின்னேரம் நாலு மணிக்கு. புதுப் பயிற்சியாளரிடம் காலையில் மூன்று மணித்தியாலம் வெளியே போய்வரக் கேட்டேன். எங்கே என்றார். "அம்மாவிடம் எண்ணெய் வைக்க" என்றேன். அவரும் அந்தக் கதையைக் கேட்டிருந்தார். "நன்றாகக் கழுவிக்கொண்டு வா" என்றார்.

பச்சைப் பாதை மெட்ரோவில் கடைசி வரை போய், பஸ் பிடித்து, ஏழரைக்குக் கதவைத் தட்டினேன். அம்மா இடியப்பம் அவித்து வைத்திருந்தார். நான் குசினிப் பக்கம் போகவில்லை. நேரே குளியலறைக்குப் போய் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எழும்பு தம்பி, சாப்பிட்டிட்டுப் போ."

"எண்ணெயைக் கொண்டு வாங்கோ."

"விசரே உனக்கு? அதுவும் இண்டைக்கு, அதே சனத்துக்கு முன்னாலை?"

"ஓம். இண்டைக்குத்தான். நீங்கள் வைக்காட்டி நான் இதிலையே இருப்பன். நாலு மணிக்கும் இதிலைதான் இருப்பன்."

இருந்தேன். தங்கச்சி வந்து எட்டிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். கால்மணி, அரைமணி. கால் விறைத்தது. பிறகு குசினியில் மிளகு வெடிக்கிற சத்தம் கேட்டது. சீரக வாசம் வந்தது. அம்மா வந்து பின்னால் நின்றார். முதல் துளியை உச்சியில் வைத்ததும் கையை எடுத்துவிட்டார். பிறகு திரும்ப வைத்து, பழையபடி அரக்கித் தேய்த்தார். நான் அழுதேன். முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததால் அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். "கண்ணுக்கை எண்ணெய் போட்டுதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

பிறகு அவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். போய்விடவில்லை. இருபத்தெட்டு வயது ஆம்பிளையின் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு எண்ணினார். "ஒண்டு. நல்லாப் போட்டுத் தேய்ச்சனியோ? கழுத்துக்குப் பின்னாலை? சரி, ரெண்டு." மூன்று முடிந்து கதவைத் திறந்ததும் என் கழுத்தில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். "இப்ப போ" என்றார். பிறகு, "நானும் வாறன்" என்றார்.

அடி வாங்குவதைப் பார்க்க ஏலாது என்று சொல்லி அம்மா ஒருநாளும் அரங்கத்துக்கு வந்ததில்லை. அன்றைக்கு வந்தார். தங்கச்சியோடு, நீலச் சேலைக்கு மேலே ஒரு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கள் அணி உட்காருகிற வாங்குகளுக்குப் பின்னால் பத்தாவது வரிசையில் இருந்தார். அவருக்கு முன்வரிசையில் இரண்டு பேர் சமையல் எண்ணெய்ப் போத்தலைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். என் பெயரைச் சொன்னதும் அரங்கம் ஊளையிட்டது. ஊளையிடட்டும்.

முதல் பந்து எறியும் முன்பே என் பழைய பயிற்சியாளர் நடுவரை, போன வருடத்து அதே நடுவரை, கூப்பிட்டு ஏதோ சொன்னார். நடுவர் வெள்ளைத் துவாயோடு என்னிடம் வந்தார். நான் அவர் கேட்கும் முன்பே தலைக்கவசத்தைக் கழற்றிக் கழுத்தைக் குனித்துக் கொடுத்தேன். துடைத்தார். திருப்பிப் பிடித்து இன்னொரு தரம் துடைத்தார். கையையும் துடைத்தார். துவாயை விரித்துப் பார்த்தார். வெள்ளை.

அவர் மூக்கைச் சுருக்கினார். "ஆனால் வாசம் வருகிறதே?"

"வாசத்துக்கு விதி இருக்கிறதா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "இல்லை" என்றார்.

"அப்படியானால் அந்தத் துவாயைத் தூக்கிக் காட்டுங்கள். போன தரம் காட்டினீர்கள் அல்லவா, அதேபோல."

தூக்கிக் காட்டினார். நான் பத்தாவது வரிசையைப் பார்த்தேன். எண்ணெய்ப் போத்தல்களுக்குப் பின்னால், சனம் எல்லாம் உட்கார்ந்திருக்க, அம்மா மட்டும் எழும்பி நின்றார். வலது கையை உயர்த்தி, அரங்கம் முழுவதற்கும் தெரியும்படி, மூன்று விரலைக் காட்டிக்கொண்டு நின்றார்.