தம்பி கேமைச் சந்தேகப்பட்டவரு

எனக்கு மூக்கு மேல கோவம். ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும், வீட்டுல அதைவிட நல்லாத் தெரியும். ஆனா நேர்ல பாக்காத ஒரு மனுஷன் மேல ஒன்றரை வருஷம் விடாம கோவப்பட்டேன்னா அது அவரு ஒருத்தர் மேலதான். மலேசியாவுல ஏதோ ஃபேக்டரியில ஷிஃப்ட் பாக்குறவரு. என் தம்பி பண்ணின வீடியோ கேமுக்குப் பணம் போட்டவங்கள்ல ஒருத்தரு. அந்த கேம் இன்னிக்கு சின்னதாவாவது வெளியில வந்து, முகம் தெரியாதவங்கல்லாம் விளையாடுறாங்கன்னா, அதுக்கு நான் கும்பிட வேண்டிய ஆளும் அவருதான்.

தம்பி சிதம்பரத்துல கீழ வீதிக்குப் பின்னாடி ஒரு மாடி ரூம் எடுத்து, கூடப் படிச்ச ரெண்டு பேரோட சேர்ந்து வேலைய ஆரம்பிச்சான். கம்பெனி எதுவும் காசு போடல. இணையத்துல இதுக்குன்னே இருக்கிற ஒரு தளத்துல, இப்படி ஒரு கேம் பண்ணப்போறோம், முன்கூட்டியே பணம் குடுங்க, முடிஞ்சதும் உங்களுக்குத்தான் முதல்ல குடுப்போம்னு போட்டான். கடலூர்ல இருந்து சிதம்பரம் வரைக்கும் மொத்தக் கரையும் கேமுக்குள்ள வருமாம். தேவனாம்பட்டினத்து மீன்பிடி போட்டு, துறைமுகம், பிச்சாவரத்துக் காடு, சிதம்பரத்துல நாலு வீதியும். மழை, வெயில், புயல் எல்லாம் காலத்துக்குக் காலம் மாறும். அதுல நடமாடுற ஒவ்வொரு ஆளுக்கும் காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் தனித்தனிப் பொழப்பு. மூணே மூணு பேரு பண்ணப்போற வேலை இது.

எங்க வீட்டு ஆளுங்களுக்கு ஒரு வியாதி. வாயில 'இல்ல'ன்னு வராது. பணம் போட்டவர் ஒருத்தர் ரயில் ஓட்டலாமான்னு கேட்டா 'கண்டிப்பா'ன்னு எழுதுவான். இன்னொருத்தர் மாடு வளக்கலாமான்னு கேட்டா 'அதுவும் இருக்கு.' திருப்பாதிரிப்புலியூர்ல ஹார்டுவேர் கடை வச்சிருக்கிற எங்க மாமா, "என் கடை வருமாடா?"ன்னு கேட்டாரு. "உங்க கடை இல்லாமலா மாமா?"ன்னுட்டான். மாமா அடுத்த வாரமே கடைக்குப் புது போர்டு மாட்டினாரு.

நானும் பணம் போட்டேன். மஞ்சக்குப்பத்துல எங்க ஆபீஸ்ல, தெருவுல, சொந்தத்துலன்னு ஒரு நாப்பது பேரையாவது போட வச்சேன். "என் தம்பி, நான் பொறுப்பு"ன்னு சொன்னா யாரு மாட்டேம்பாங்க? எல்லாரும் போட்டாங்க.

முதல்ல ஒரே பாராட்டு மழை. தம்பியும் கேமோட ஒரு சின்ன பாகத்தை டெமோன்னு எல்லாருக்கும் அனுப்பி வச்சான். அப்புறம் அவன்கிட்ட இருந்து சத்தமே இல்ல. அந்தத் தளத்துல பணம் போட்டவங்க கேள்வி கேக்க ஒரு பக்கம் உண்டு. அங்க சந்தேகம் ஆரம்பிச்சுது. மத்தவங்க ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடுவாங்க. மலேசியாக்காரர் மட்டும் மாசம் தவறாம வந்து, ஒன்னு ரெண்டுன்னு நம்பர் போட்டு, மரியாதையா கேப்பாரு. அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் எரிச்சலா இருக்கும்.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வச்சுக்கிட்டு, இன்னொரு கையில ஃபோனைப் பிடிச்சு அவருக்குப் பதில் எழுதுறதே என் வேலையாப் போச்சு. ஒரு மாசம் இப்படிக் கேட்டிருந்தாரு: 'டெமோவில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய பிறகும் படகுகள் தண்ணீரிலேயே நிற்கின்றன. யாரும் கரைக்கு இழுக்கவில்லை. இதையே கவனிக்காதவர்கள் மொத்தக் கரையையும் எப்படி முடிப்பார்கள்?' எனக்கு வந்துச்சே கோவம். கடலூர்க்காரிக்கே புயல் பத்திப் பாடம் எடுக்குறீங்களா, ஒழுங்கா விளையாடத் தெரியலன்னா சும்மா இருங்கன்னு எழுதினேன். அதைப் பக்கத்து சீட் அக்காவுக்குப் படிச்சுக் காட்டி ரெண்டு பேரும் சிரிச்சோம்.

அவரு பதிலுக்குத் திட்டல. 'சரி, எப்போது வரும் என்று மட்டும் சொல்லுங்கள்'னு கேட்டாரு.

அங்கதான் வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன். நம்ம ஊர்ல ஃபோன் பண்ணி "எங்க இருக்க?"ன்னு கேட்டா, வீட்டுல தலைக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டு இருக்கிறவ கூட "இதோ, பக்கத்துல வந்துட்டேன்"னுதான் சொல்லுவா. கேக்குறவங்களுக்கும் அது தெரியும். யாரும் அதைப் பொய்யா எடுத்துக்க மாட்டாங்க. அந்தப் பழக்கத்துல, தம்பியை ஒரு வார்த்தை கேக்காம, 'அடுத்த மாசம் பத்தாம் தேதி கண்டிப்பா வந்துடும், அவனோட அக்கா நானே சொல்றேன்'னு எழுதிட்டேன். தேதி போட்டா நம்புவாங்கன்னு ஒரு நினைப்பு வேற.

ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு. 'மிக்க நன்றி அக்கா. பத்து, பதினொன்று இரண்டு நாளும் லீவு போட்டுவிட்டேன். இங்கே லீவு கிடைப்பது சிரமம். ஆறு மாதமாக எடுக்காமல் வைத்திருந்தேன்.'

சுருக்குன்னு இருந்துச்சு. டிபன் பாக்ஸை மூடி வச்சுட்டேன். கேலிக்கு எழுதியிருந்தா திருப்பிக் குடுத்திருப்பேன். மனுஷன் நம்பி எழுதிட்டாரே.

சனிக்கிழமை காலையில பஸ் ஏறி சிதம்பரம் போனேன். ரூம்ல தம்பி தாடியும் தானுமா தனியா உக்காந்திருந்தான். கூட இருந்த பையன் வேலை கிடைச்சு சென்னைக்குப் போயிட்டானாம். படம் வரையிற பொண்ணு மட்டும் மத்தியானத்துல வந்து போவுதாம். சுவர் பூரா மஞ்சள் சீட்டு. ஒவ்வொரு சீட்டுலயும் இவன் யாருக்கோ குடுத்த ஒரு வாக்கு. ரயில், மாடு, மாமா கடை. கம்ப்யூட்டர்ல ஒரு லெட்டர் திறந்திருந்துச்சு: 'இந்தத் திட்டத்தை இத்துடன் நிறுத்துகிறோம். மன்னிக்கவும்.' அவ்வளவுதான். எழுதி வச்சிருந்தானே தவிர அனுப்பல.

"என்னடா இது?"

"முடியலக்கா. பத்து வருஷம் ஆனாலும் முடியாது."

"இப்படி ரெண்டு வரி எழுதிட்டு ஓடினா உன்னை என்னன்னு பேசுவாங்க தெரியுமா?"

"ஏமாத்துக்காரன்னு பேசுவாங்க. தெரியும்க்கா. அந்த வார்த்தைய யாராவது எழுதியிருப்பாங்களோன்னு பயந்து மூணு மாசமா அந்தப் பக்கத்தையே திறக்கல."

 இருவத்தெட்டு வயசுப் பையன். இந்த ஒரு பேரு ஒட்டிக்கிச்சுன்னா, அப்புறம் என்ன வேலை செஞ்சாலும் அதுதான் முன்னாடி வந்து நிக்கும். அது எனக்கும் புரிஞ்சுது. புரிஞ்சதும் பயத்துல மலேசியாக்காரர் மேல பாய்ஞ்சேன். "எல்லாம் அந்த ஆளாலதான். கூண்டு ஏத்தினாங்களாம், போட்டை இழுக்கலியாம், பெருசாக் கண்டுபிடிச்சிட்டாரு"ன்னு கத்தினேன்.

தம்பி என்னைப் பாத்தான். "நீ டெமோவை விளையாடினியாக்கா?"

 ஊரெல்லாம் சண்டை போட்டிருக்கேன், டெமோவை ஒரு தடவை கூடத் திறக்கல. நேரமில்லடான்னேன். அது பொய். தம்பி பண்ணினா நல்லாத்தான் இருக்கும்னு அப்படியே விட்டுட்டேன்.

அவன் நாற்காலியை எனக்கு விட்டுட்டு எழுந்தான். கேமுக்குள்ள அரை மணி நேரம் சுவத்துல முட்டிக்கிட்டே கிடந்தேன். அப்புறம் மெதுவா நடக்க வந்துச்சு. தேவனாம்பட்டினத்துக் கரை. ஒருத்தர் வலையைச் சரி பண்ணிக்கிட்டு இருக்காரு. மீன்காரம்மா ஒன்னு என்னை வழிய விட்டு நகரச் சொல்லித் திட்டுது. காத்து மாறுது, மணல் பறக்குது, துறைமுகத்துல கூண்டு ஏறுது. ஜனங்க வீட்டுக்கு ஓடுறாங்க. போட்டெல்லாம் அப்படியே தண்ணியில ஆடிக்கிட்டு நிக்குது. அவரு சொன்னது அட்சரம் பிசகல. எனக்குத் தலை குனிஞ்சுது.

ஆனா ஒன்னு, எழுந்திரிக்க மனசே வரல. ஒரு மணி நேரம் போனது தெரியல. அவ்வளவு அழகாப் பண்ணியிருந்தான் என் தம்பி.

"இந்தக் கரை மட்டும் முடிக்க எத்தனை நாள் ஆவும்?"

"எட்டு, ஒம்பது மாசம். சரியாத் தெரியல."

"அப்போ இதை மட்டும் குடு."

"மத்ததெல்லாம் தர்றேன்னு சொல்லிட்டேனேக்கா."

"இல்லன்னு சொல்லு. நானும் சொல்றேன்."

மஞ்சள் சீட்டை ஒன்னொன்னா எடுத்தோம். மாமா கடைச் சீட்டுக்கு வந்ததும் தயங்கி நின்னான். மாமாவை நான் பாத்துக்குறேன்னு வாங்கி மடிச்சு வச்சேன். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து நீளமா ஒரு லெட்டர் எழுதினோம். எது வரும், எதெல்லாம் வரவே வராது, தேதி எங்களுக்கே தெரியாதுன்னு. கடைசியில நான் என் பங்குக்கு, பத்தாம் தேதி நானா விட்ட கதை, தம்பிக்குத் தெரியாது, லீவு போட்டவர் என்னை மன்னிக்கணும்னு எழுதினேன். அவன் கண்ணை மூடிக்கிட்டு அனுப்பினான்.

சில பேரு திட்டினாங்க, சில பேரு பணத்தைத் திருப்பிக் கேட்டாங்க. மாமா ரெண்டு மாசம் என்கூடப் பேசல. முதல் மாசம் 'சூப்பர், சூப்பர்'னு எழுதினவங்கள்ல ஒருத்தரும் எட்டிப் பாக்கல, மறந்தே போயிட்டாங்க போல. மலேசியாக்காரர்கிட்ட இருந்தும் ஒன்னும் வரல. அவருகிட்ட எதிர்பாக்குற தகுதியும் எனக்கு இல்லன்னு நினைச்சுக்கிட்டேன்.

பன்னெண்டாம் தேதி அவரு பதில் வந்துச்சு. 'லீவை ரத்து செய்யவில்லை. இரண்டு நாளும் டெமோவையே திரும்பத் திரும்ப விளையாடினேன். கண்ணில் பட்ட தவறுகளை இணைத்திருக்கிறேன்.' பதினோரு பக்கம். புயல் வர்றப்ப போட்டை இழுக்க கயித்தை எங்க கட்டணும், எந்தப் பக்கம் எத்தனை பேர் நிக்கணும்னு கையால படம் வேற போட்டு அனுப்பியிருந்தாரு. அவரு கரைக்காரரா, யாரையாவது கேட்டு எழுதினாரான்னு இன்னிக்கு வரைக்கும் நாங்க கேக்கல.

அடுத்த சனிக்கிழமை அதைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டுப் போனேன். தம்பி வாங்கி முதல் தடவை வேகமாப் புரட்டினான். ரெண்டாவது தடவை வரி வரியாப் படிச்சான். "அக்கா, ஒரு இடத்துல கூட அந்த வார்த்தை இல்லக்கா"ன்னான்.  மூஞ்சி கழுவிட்டு வந்து, பக்கத்தை விரிச்சு வச்சு வேலைக்கு உக்காந்துட்டான்.

நான் பின்னாடி உக்காந்து அழுதேன். என் தம்பி இதைத் திருத்துவான்னு நம்பி, லேசுல கிடைக்காத லீவுல ரெண்டு நாளை ஒருத்தர் குடுத்திருக்காரு. அவனை நம்பினேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச நான் அவனுக்கு ஒரு மத்தியானம் கூடக் குடுக்கல.